மாருதி 800 (1997): தரையில் ஒரு சொட்டு இல்லை, ஆனா கூலன்ட் குறையுது. ஹெட்டை இறக்கித்தான் ஆகணுமா?

எட்டுநூறு97:

வண்டி 1997 மாருதி 800, கார்புரேட்டர் மாடல். பெரும்பாலும் சேலம் டவுனுக்குள்ள ஓட்டம், மாசம் ஒருமுறை ஏற்காடு.

300 கி.மீ. ஓட்டினா ரிசர்வ் பாட்டில்ல 400 மி.லி. வரைக்கும் ஊத்த வேண்டியிருக்கு. ராத்திரி பூரா வண்டிக்கு அடியில அட்டை விரிச்சு வெச்சுப் பார்த்தாச்சு, காய்ஞ்சுதான் கிடக்கு. டெம்பரேச்சர் முள் டவுனுக்குள்ள பாதியிலேயே நிக்குது, மலை ஏறும்போது மட்டும் ஒரு நூல் மேலே போகும். ஆயில் ஸ்டிக்ல நிறம் மாறலை. காலையில ஸ்டார்ட் பண்ணினா ரெண்டு மூணு நிமிஷம் வெள்ளைப் புகை, முதல் அரை நிமிஷம் லேசா மிஸ் அடிக்குது. பானட்டைத் திறந்தா சில நேரம் இனிப்பு வாடை வருது.

நாலு மாசம் முன்னாடி வரைக்கும் போர் தண்ணிதான் ஊத்திக்கிட்டிருந்தோம். அப்புறம்தான் பச்சைக் கூலன்ட்டுக்கு மாத்தினது.

மெக்கானிக் பார்த்த உடனே "ஹெட் பேக்கிங் போச்சு, இறக்கி லேத்துல ஃபேஸிங் அடிக்கணும்"னு, அதாவது முகத்தைச் சமமாக்கணும்னு சொல்றார். எந்த டெஸ்டும் பண்ணலை. இறக்குறதுக்கு முன்னாடி எதை எதைப் பார்க்கணும், எந்த வரிசையில?

ரேடியேட்டர்மூடி:

இப்போதைக்கு ஹெட்டில் ஸ்பேனர் வைக்க விடாதீர்கள். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் பேக்கிங் (கேஸ்கெட்) போயிருக்கவும் கூடும், ஆனால் நீங்கள் சொன்ன அறிகுறிகளில் அதற்கு மட்டுமே உரியது என்று ஒன்றும் இல்லை.

முதலில் அளவைப் பாருங்கள். 400 மி.லி. என்பது ஏறக்குறைய 8,000 சொட்டு. சராசரி 40 கி.மீ. வேகத்தில் 300 கி.மீ. ஓட ஏழரை மணி நேரம், அதாவது 27,000 நொடி. மூன்று நொடி சொச்சத்துக்கு ஒரு சொட்டு வெளியே போனால் கணக்கு சரியாகிவிடும். அந்தச் சொட்டு சூடான இரும்பில் விழுந்தால் அங்கேயே ஆவியாகிவிடும், ஃபேன் காற்றில் பட்டால் சிதறிவிடும். வண்டி நின்று ஆறிய பிறகு உள்ளே பிரஷரே இல்லை, அதனால் சொட்டவும் செய்யாது. அட்டை காய்ந்து கிடந்ததை வைத்து வெளிக்கசிவு இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

காலையில் இன்ஜின் முழுசாக ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். பாட்டிலை மட்டும் பார்த்து முடிவெடுப்பதுதான் நிறையப் பேர் செய்கிற தப்பு. ரேடியேட்டர் கழுத்து வரை நிறைந்திருந்து பாட்டில் மட்டும் இறங்கியிருந்தால் மூடியும் சின்ன ஹோஸும் ஒழுங்காக வேலை செய்கின்றன, கூலன்ட் வேறு எங்கோ போகிறது. பாட்டில் நிறைந்திருந்து ரேடியேட்டர் குறைந்திருந்தால் மூடியின் நடுவில் இருக்கும் சின்ன வாக்குவம் வால்வு ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது பாட்டிலுக்குப் போகும் ஹோஸில் வெடிப்பு இருக்கும். இன்ஜின் ஆறும்போது கூலன்ட்டுக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சிக்கொள்ளும்.

மூடி மேல் 0.9 என்று அடித்திருக்கும். சதுர சென்டிமீட்டருக்கு 0.9 கிலோ, சுமார் 13 பி.எஸ்.ஐ. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 118 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் தட்டையாகிவிட்டாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ கொதிநிலை கீழே இறங்கும், மலை ஏறும்போது பாட்டில் வழியே பொங்கிப் போகும். ரப்பரில் கழுத்தின் விளிம்பு வட்டமாகப் பள்ளம் பதிந்திருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள், மலிவான சாமான்தான். அதே 0.9 மூடியாக வாங்குங்கள். 1.1 போட்டால் நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பழைய ஹோஸும் ஹீட்டர் கோரும் (வண்டிக்குள் சூடு தரும் சின்ன ரேடியேட்டர்) அந்தக் கூடுதல் அழுத்தத்தைத் தாங்காது.

அடுத்தது பிரஷர் டெஸ்ட், இதுதான் முக்கியம். கை பம்பும் மீட்டரும் சேர்ந்த டெஸ்டர் ரேடியேட்டர் வேலை செய்யும் கடைகளில் இருக்கும். இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டரை நிரப்பி, டெஸ்டரை மூடி இடத்தில் மாட்டி 0.9 வரை அடித்து 15 நிமிடம் விடுங்கள். முள் அசையக் கூடாது. இறங்கினால் டார்ச்சோடு தேடுங்கள்.

நான் தேடும் வரிசை: மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், அவற்றின் கிளிப்புகள். ரேடியேட்டரின் தொட்டி சேரும் விளிம்பு. தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) மூடி. அப்புறம் வாட்டர் பம்ப், கடையில் வாட்டர் பாடி என்றும் சொல்வார்கள். அதன் தண்டுக்குக் கீழே சின்ன துளை ஒன்று இருக்கும். உள் சீல் போனால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வரட்டும் என்றுதான் அந்தத் துளை. அங்கிருந்து கீழே காய்ந்த வெள்ளைக் கோடோ பச்சைப் பொருக்கோ இறங்கியிருந்தால் பம்ப் முடிந்தது. ஒழுகுகிறதே என்று அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைத்த வண்டிகளையும் பார்க்கலாம், அதன்பிறகு பேரிங் கதறும். பெல்ட்டைக் கழற்றிப் புல்லியை ஆட்டிப் பாருங்கள், ஆட்டமே இருக்கக் கூடாது.

பிளாக்கின் பக்கவாட்டில் கிண்ணம் மாதிரி அடித்து வைத்திருக்கும் கோர் பிளக்குகளை விட்டுவிடாதீர்கள். பல வருடம் போர் தண்ணீர் ஓடியிருக்கிறது என்றால் முதலில் அரிப்பது அந்தத் தகடுதான். சேலத்து உப்புத் தண்ணீர் வேறு. துருவும் உப்புப் படிவும் இத்தனை நாள் ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருக்கும். புதுக் கூலன்ட் அதைக் கரைத்துவிட்டால் "கூலன்ட் மாத்தினதுல இருந்துதான் ஒழுகுது" என்று தோன்றும். ஓட்டை பழையது.

ஹீட்டர் கோரையும் பாருங்கள். டாஷ்போர்டுக்குக் கீழே கார்பெட்டைத் தூக்கி, அடியில் இருக்கும் ஃபெல்ட்டை விரலால் அழுத்துங்கள். மேலே காய்ந்திருந்தாலும் அடியில் பிசுபிசுப்பு இருக்கும். கண்ணாடியில் உள்பக்கம் எண்ணெய் மாதிரிப் படலம் படிவதும் அதே அறிகுறி.

வெள்ளைப் புகையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். ஆறிய சைலன்ஸரில் அது ஆவியாகவும் சொட்டாகவும் வருவது இயல்பு. ஆனால் மிஸ் அடிப்பதும் சேர்ந்து வருகிறது என்கிறீர்களே, அது கொஞ்சம் யோசிக்க வைக்கிறது.

டீசல்புகை:

டெஸ்டர் தேடி அலையாதீங்க நண்பரே. ரிசர்வ் பாட்டிலுக்குப் போற சின்ன ஹோஸைக் கழட்டி, அதுல சைக்கிள் பம்பைச் சொருகி நாலு அடி அடிச்சா போதும், எங்க ஒழுகுதுன்னு தெரிஞ்சிடும்.

அவசரத்துக்கு ரேடியேட்டர்ல ரெண்டு ஸ்பூன் மஞ்சள் தூள் போட்டாலும் நிக்கும். லாரிக்காரங்க காலங்காலமா பண்றதுதான்.

லேத்பட்டறை:

அண்ணே, அந்த ஹோஸ்ல பம்ப் அடிச்சா ஒண்ணும் தெரியாது. அந்த ஹோஸ் மாட்டுற நிப்பிள் எங்க இருக்குன்னு பாருங்க, மூடியோட பிரஷர் சீலுக்கு மேலே இருக்கு. நீங்க அடிக்கிற காத்து மூடிக்கும் கழுத்துக்கும் நடுவுல நிக்கும். வாக்குவம் வால்வு வழியா உள்ளே போனாலும் எவ்வளவு போச்சுன்னு மீட்டர் இல்லாம தெரியாது.

சைக்கிள் பம்புதான் இருக்குன்னா ஹீட்டர் ஹோஸ்ல ஒண்ணைக் கழட்டி, நடுவுல T வடிவ ஜாயின்ட் கொடுத்து, அதுல டியூப் வால்வை கிளிப் போட்டு இறுக்கணும். மூடி அதன் இடத்துலயே இருக்கட்டும், அளவுக்கு மேல போனா அது திறந்து விட்டுடும். மீட்டர் உள்ள பம்பா இருந்தா 13 பி.எஸ்.ஐ.யைத் தாண்டாதீங்க. பஞ்சர் கடை கம்ப்ரசரை மட்டும் பக்கத்துல கொண்டு வராதீங்க, ஒரே அடியில பிளாஸ்டிக் டேங்க் விரிஞ்சிடும்.

மஞ்சள் தூள் நடுக்காட்டுல நின்னா வீடு வந்து சேர உதவும், அது உண்மைதான். ஆனா ஓட்டையைத் தேடி அடைக்கிற புத்தி மஞ்சளுக்கு இல்லை. ஹீட்டர் கோர்லயும் ரேடியேட்டர் டியூப்லயும் சேர்ந்து களியா நிக்கும். டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடி போட்டா இன்னும் மோசம், கசியுற இடம் தற்காலிகமா அடைச்சுக்கும், டெஸ்டர் முள் அசையாது, எல்லாம் சரின்னு நினைச்சுப்பீங்க.

இப்ப கேள்வி கேட்டவருக்கு. மேலே சொன்னதெல்லாம் வெளிக்கசிவுக்கு. டெஸ்டர்ல முள் இறங்குது, வெளியே எங்கயும் ஈரம் இல்லைன்னா உள்ளேதான் போகுது. உள்ளேன்னாலே ஹெட் பேக்கிங்னு இந்த இன்ஜின்ல முடிவு பண்ணக் கூடாது. கார்புரேட்டர் 800ல இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளயும் (கார்புரேட்டர்ல இருந்து சிலிண்டர்களுக்குக் காத்தும் பெட்ரோலும் போற வழி) கூலன்ட் ஓடுது. பெட்ரோல் குளிர்ந்து துளியா ஒட்டாம இருக்க மேனிஃபோல்டைச் சூடா வெச்சிருக்கத்தான் அந்த ஏற்பாடு. ஹெட்டோட சேர்ற இடத்துல இருக்கிற மேனிஃபோல்டு பேக்கிங் ஒரு பக்கம் காத்தையும், ரெண்டு இன்ச் தள்ளித் தண்ணியையும் அடைச்சு நிக்குது. நடுவுல அரிச்சதுன்னா இன்ஜின் ஓடும்போது வாக்குவம் தண்ணியை உறிஞ்சி சிலிண்டருக்குள்ள அனுப்பும். வெள்ளைப் புகை, காலையில மிஸ், வெளியே ஒரு சொட்டு இல்லை. நீங்க சொன்னது அத்தனையும் இதுக்கும் பொருந்தும்.

ரெண்டையும் பிரிச்சுக் காட்டுறது கேஸ் டெஸ்ட். நீல நிற மருந்து ஊத்தின கண்ணாடிக் குழாயை ரேடியேட்டர் வாயில வெச்சு, இன்ஜின் சூடாகி ஐடிலிங்ல இருக்கும்போது ரப்பர் பல்பால அங்க இருக்கிற காத்தை இழுக்கணும். எரிஞ்ச வாயு வந்தா அதுல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு நீலத்தை மஞ்சளாக்கிடும். ஹெட் பேக்கிங் எரிப்பறைக்கும் தண்ணி வழிக்கும் நடுவுல போயிருந்தா வெடிக்கிற பிரஷர் கூலன்ட்டுக்குள்ள தள்ளும், நிறம் மாறும். மேனிஃபோல்டு பேக்கிங்னா தண்ணிதான் உள்ளே போகும், வாயு திரும்பி வராது, நீலம் நீலமாவே இருக்கும்.

குழாய்க்குள்ள கூலன்ட் ஏறிடக் கூடாது, ஏறினா மருந்து கெட்டுடும். அதனால மூடியைத் திறக்கிறதை இன்ஜின் ஆறியிருக்கும்போதே செஞ்சு, ரெண்டு மூணு இன்ச் கூலன்ட்டை வெளியே எடுத்துட்டு அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க. சூட்டுல மூடியைத் திறந்தா முகம் வெந்துடும்.

இன்னொண்ணு. பிரஷர் டெஸ்ட் முடிஞ்ச கையோட சாவியைத் திருப்பாதீங்க. சிலிண்டர்ல தண்ணி தேங்கியிருந்தா பிஸ்டன் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளையும். மூணு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டி, காயிலுக்குப் போற கனெக்ஷனை எடுத்துட்டு ரெண்டு சுத்து கிராங்க் பண்ணுங்க. எந்தத் துளையில பன்னீர் தெளிச்ச மாதிரி வருதோ அந்த சிலிண்டர்தான். கழட்டின பிளக்கையும் வரிசை மாறாம வெச்சுப் பாருங்க. தண்ணி போற சிலிண்டரோட பிளக் மத்த ரெண்டை விட வெளுத்து, கழுவி விட்ட மாதிரி இருக்கும்.

எட்டுநூறு97:

ரொம்ப நன்றி. ரெண்டு பேர் சொன்னதையும் வரிசையா பார்த்தாச்சு:

ரேடியேட்டர் கழுத்து வரைக்கும் ஃபுல். மூடி ரப்பர்ல ஆழமா பள்ளம் இருந்துச்சு, புது 0.9 போட்டாச்சு.

பிரஷர் டெஸ்ட் இன்ஜின் ஆறினப்போ: 0.9ல இருந்து 15 நிமிஷத்துல 0.6. கீழ் ஹோஸ் ரேடியேட்டர்ல சேர்ற இடத்துல ஈரம், கிளிப்புக்கு அடியில பச்சைப் பொருக்கு. சூடானப்புறம் அதே இடம் காய்ஞ்சிருச்சு! கிளிப் மாத்தி இறுக்கிட்டுத் திரும்ப அடிச்சா 0.9ல இருந்து 0.75. வெளியே வேற எங்கயும் ஈரம் இல்லை. பம்ப் துளை காய்ஞ்சிருக்கு, கார்பெட் காய்ஞ்சிருக்கு.

பிளக்: 1, 2 காபிக் கலர். 3 வெள்ளையா சுத்தமா இருக்கு. கிராங்க் பண்ணும்போது மூணாவதுல லேசா தெளிச்சுது.

கேஸ் டெஸ்ட்: பத்து நிமிஷம் இழுத்தும் நீலம் மாறலை.

அப்போ மேனிஃபோல்டு பேக்கிங்னு முடிவு பண்ணிடலாமா?

லேத்பட்டறை:

கிட்டத்தட்ட. சின்ன வெடிப்பா இருந்தா கேஸ் டெஸ்ட் சில நேரம் ஏமாத்தும், அதனால இன்னும் ஒரு சோதனை. கார்புரேட்டரைக் கழட்டிட்டு, டெஸ்டர்ல 0.9 வெச்சு, மேனிஃபோல்டுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. மூணாவது சிலிண்டருக்குப் போற வழியில தண்ணி மினுங்கிச்சுன்னா சந்தேகமே வேண்டாம். காய்ஞ்சிருந்தா மூணாவது பிஸ்டனை கம்ப்ரஷன் முடியுற இடத்துல நிறுத்தி, நாலாவது கியர் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பிளக் துளை வழியா காத்து கொடுங்க. ரேடியேட்டர் வாயில குமிழி வந்தாதான் ஹெட்டைப் பத்திப் பேசணும்.

கீழ் ஹோஸ் ஆறினப்போ ஒழுகி சூட்டுல நின்னது வழக்கமான விஷயம். சூட்டுல ரப்பரும் உலோகமும் விரிஞ்சு அடைச்சுக்கும், ஆறினா சுருங்கி இடைவெளி விடும். அதனாலதான் டெஸ்ட் எப்பவும் ஆறின இன்ஜின்ல தொடங்கணும். கிளிப்பை மட்டும் மாத்தினா போதாது. ஹோஸைக் கழட்டி, அது ஏறி நிக்கிற குழாயைப் பாருங்க. உலோகக் குழாயா இருந்து பொருக்குக்கு அடியில குழி விழுந்திருந்தா நைஸ் எமரியால சுத்திச் சுத்தித் தேய்ச்சு வழவழப்பாக்குங்க. நீளவாக்குல தேய்க்காதீங்க, அந்தக் கீறலே தண்ணிக்கு வாய்க்கால் ஆயிடும். பிளாஸ்டிக்னா எமரி வேண்டாம், பிரஷ்ஷும் சோப்புத் தண்ணியும் போதும்.

ரேடியேட்டர்மூடி:

மேனிஃபோல்டு என்று உறுதியானால் வேலை ஒரு பகல்தான். கவனிக்க வேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். கூலன்ட்டை அளவுள்ள பாத்திரத்தில் வடித்து எத்தனை லிட்டர் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள், திரும்ப ஊற்றும்போது அந்த எண் தேவைப்படும். வாக்குவம் ஹோஸ்களைக் கழற்றும் முன் போனில் நாலு கோணத்தில் படம் எடுத்துவிடுங்கள். மேனிஃபோல்டை இறக்கியதும் ஹெட்டில் தெரியும் துளைகளில் சுத்தமான துணியைச் சொருகுங்கள். பேக்கிங் துகள் ஒன்று உள்ளே விழுந்தாலும் வால்வில் போய் மாட்டும்.

பழைய பேக்கிங்கைச் சுரண்ட ஆக்ஸா பிளேடு வேண்டாம். ஹெட்டும் மேனிஃபோல்டும் அலுமினியம், பிளேடு விட்ட கீறலில் புதுப் பேக்கிங்கும் கசியும். மூங்கில் பட்டையைச் சீவி வைத்துக்கொண்டு, தின்னரில் ஊற வைத்துச் சுரண்டினால் நேரமாகும், ஆனால் முகம் கெடாது. பிறகு நேர்ப்பட்டையை வைத்து ஃபீலர் கேஜ் (தடிமன் குறித்த மெல்லிய தகடு இலைகள்) விட்டுப் பாருங்கள். மேனிஃபோல்டு முகத்தில் 0.10 மி.மீ. இலை நுழைந்தால் லேத்தில் கொடுத்து லேசாக ஃபேஸிங் அடிக்க வேண்டும். தண்ணீர்த் துளையைச் சுற்றி அலுமினியம் புழுத்துப் பள்ளமாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பள்ளம் துளையிலிருந்து காற்றுவழி வரை ஓடியிருந்தால் எந்தப் பேக்கிங்கும் அதை அடைக்காது, வெல்டிங் வைத்து முகம் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு மேனிஃபோல்டு.

புதுப் பேக்கிங்கைக் காய்ந்த முகத்தில் அப்படியே வையுங்கள். சிலிக்கான் கம் தடவினால் பலம் என்று நினைப்பார்கள். இறுக்கும்போது பிதுங்கும் கம் உள்ளே புழுவாகத் தொங்கி, பிய்ந்து போய் ரேடியேட்டர் டியூபை அடைக்கும். நட்டுகளை நடுவில் தொடங்கி இரு பக்கமும் மாற்றி மாற்றி, மூன்று சுற்றாக இறுக்குங்கள். இந்த மாதிரி 8 மி.மீ. நட்டுக்கு 20 நியூட்டன் மீட்டர் பக்கம்தான் வரும், மேனுவலில் இருக்கும் எண்ணே இறுதி. நீளமான ராடு போட்டு இழுத்தால் ஸ்டட் அலுமினியத்தோடு பிய்த்துக்கொண்டு வரும்.

தெர்மோஸ்டாட்டும் அங்கேயேதான் இருக்கிறது, கையோடு எடுத்துவிடுங்கள். அதன் மேல் அடித்திருக்கும் எண்தான் திறக்க ஆரம்பிக்கும் வெப்பநிலை. பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடாக்கிப் பாருங்கள். ஏற்காட்டில் முள் ஏறுவதற்கு அது பாதி மட்டும் திறப்பதும் காரணமாக இருக்கலாம். திரும்ப மாட்டும்போது அதில் ஆடும் சின்ன ஊசி மேல்பக்கம் வர வேண்டும், காற்று வெளியேறும் வழி அது. தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓட்டலாம் என்ற யோசனைக்கு இடம் கொடுக்காதீர்கள். இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிக்கும்.

மாட்டுவதற்கு முன் பிளாக்கைச் சுத்தத் தண்ணீரால் அலசுங்கள், துரு நிறம் போகும் வரை. நிரப்பும்போது டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் சரிபாதி. ரெடிமிக்ஸ் வாங்கினால் தண்ணீர் கலக்கவே வேண்டாம். போர் தண்ணீர் ஒரு டம்ளர்கூட வேண்டாம்.

டீசல்புகை:

நிப்பிள் விஷயம் இப்பதான் மூடியைத் திறந்து பார்த்தேன், சீலுக்கு மேலேதான் இருக்கு. சரிதான். ஒரு சந்தேகம், மூணாவது சிலிண்டருக்குள்ள இத்தனை நாள் தண்ணி போயிருக்கே, ஆயிலை மாத்தணுமா? ஸ்டிக்ல நிறம் மாறலைன்னு சொல்லியிருக்கார்.

லேத்பட்டறை:

மாத்திடுறது நல்லது. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே போன கூலன்ட் கொஞ்சமா இருந்தா நிறம் மாறாது, ஆனா ஆயிலோட வழுக்கல் போயிடும், பேரிங்குக்கு ஆகாது. ஃபில்டரோட சேர்த்து மாத்துங்க. ஆயில் மூடிக்கு அடியில மோர் மாதிரி ஒட்டியிருந்தா அதைப் பார்த்து மட்டும் பயப்படாதீங்க, டவுனுக்குள்ள குட்டிக் குட்டி ஓட்டமா ஓடுற வண்டியில வெறும் ஆவியே அப்படிப் படியும். ஸ்டிக்தான் சாட்சி.

எல்லாம் மாட்டினப்புறம் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே இன்னொரு தடவை டெஸ்டர்ல 0.9 அடிச்சு 15 நிமிஷம் விடுங்க. ஒரு ஓட்டையை அடைச்சா அது வரைக்கும் ஒளிஞ்சிருந்த அடுத்தது பேசும், உங்க கீழ் ஹோஸ் கதை மாதிரியே. முள் நின்னா மூடியைத் திறந்து வெச்சு, ஹீட்டரை ஹாட்ல போட்டு, ஐடிலிங்ல விடுங்க. கொஞ்ச நேரத்துல காத்து கொப்புளிச்சு லெவல் இறங்கும், இறங்க இறங்க ஊத்துங்க. கழுத்துல பொங்கி வர ஆரம்பிச்சா உடனே மூடியை மாட்டிடுங்க. அப்புறம் ஃபேன் ரெண்டு தடவை ஓடி நிக்கிற வரைக்கும் விட்டு ஆஃப் பண்ணுங்க. வடிச்சப்போ குறிச்ச லிட்டரை விட ஊத்தினது அரை லிட்டர் குறைவா இருந்தா உள்ளே இன்னும் காத்து நிக்குதுன்னு அர்த்தம், வண்டி மூஞ்சியை மேட்டுல ஏத்தி வெச்சு இன்னொரு தடவை ஓட விடுங்க.

மறுநாள் காலையில ஆறின இன்ஜின்ல ரேடியேட்டரைத் திறந்து லெவல் பார்த்து நிரப்பிட்டு, பாட்டில்ல இருக்கிற மட்டத்துக்கு மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வைங்க. புது கிளிப்பை 100 கி.மீ. ஓடினப்புறம், ஆறினப்போ, கால் சுத்து முறுக்கிப் பாருங்க. புது கிளிப்புக்கு அடியில ரப்பர் ஒருமுறை அமுங்கும்.